58 நிலையங்கள், ஒரே டெண்டர்: அமெரிக்க ஃப்ளைட் சர்வீஸ் தனியார் கைக்குப் போன கதை

2005 பிப்ரவரி 1 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ஒரு டெண்டர் முடிவை அறிவித்தது. வென்றது லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம். 10 ஆண்டுகளுக்கு ஒப்பந்த மதிப்பு சுமார் 190 கோடி டாலர். சிறு விமான பைலட்களுக்கு வானிலையும் வழித் தகவலும் சொல்லும் 58 ஃப்ளைட் சர்வீஸ் நிலையங்களும் அவற்றில் வேலை பார்த்த சுமார் 2,500 அரசு ஊழியர்களின் வேலையும் ஒரே கையெழுத்தில் தனியாருக்கு மாறின. இதனால் 10 ஆண்டுகளில் 220 கோடி டாலர் மிச்சமாகும் என்று எஃப்.ஏ.ஏ. சொன்னது. ராணுவத்துக்கு வெளியே அரசு ஊழியர்களையும் தனியாரையும் மோதவிட்டு நடந்த டெண்டர்களில் அதுவரை இவ்வளவு பெரியது வந்ததில்லை.

இந்த ஒப்பந்தத்தைப் பற்றி வழக்கமாக இரண்டு பேச்சுகள் உண்டு. தனியார்மயம் செலவைக் குறைத்தது என்பது ஒன்று. தனியார் வந்ததும் சேவை நாசமாயிற்று என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. பணம் மிச்சமாவதற்கான வழி நிலையங்களை மூடுவது. அந்த வேலையை அரசே செய்திருக்கலாம், ஆனால் அதற்குத் துணிச்சல் இல்லை. அதனால் டெண்டர் என்ற பெயரில் வேறொருவர் கையில் கொடுத்தது. இப்படிப் பார்த்தால்தான் 2007 கோடையில் நடந்த குளறுபடி புரியும்.

எதை விற்றார்கள்?

விமானக் கட்டுப்பாடு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கோபுரமும் ரேடாரும். இந்த நிலையங்கள் அவை அல்ல. இங்கிருந்தவர்கள் விமானங்களுக்கு இடையே இடைவெளி பார்ப்பவர்கள் இல்லை. சிறு விமானம் ஓட்டும் பைலட் கிளம்பும் முன் போன் செய்து வானிலை கேட்பார். வழியில் எந்த ஓடுதளம் மூடியிருக்கிறது, எந்த வான்பகுதிக்குத் தடை போட்டிருக்கிறார்கள் என்று கேட்பார். பிறகு தன் பயணத் திட்டத்தை, அதாவது ஃப்ளைட் பிளானைப் பதிவு செய்வார். பறக்கும்போது ரேடியோவில் அழைத்து முன்னால் இருக்கும் மேகக்கூட்டம் பற்றி விசாரிப்பார். நம் ஊரில் சொந்தமாக செஸ்னா வைத்து வார இறுதியில் பறப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். அமெரிக்காவில் அது லட்சக்கணக்கானவர்களின் பழக்கம். அதனால் அங்கே இது பெரிய பொதுச் சேவை, அதுவும் பயன்படுத்துபவரிடம் காசு வாங்காத சேவை.

வரலாறும் பழையது. 1920-இல் தபால் விமானங்களுக்கு வழியில் வானிலை சொல்ல அஞ்சல் துறை போட்ட ரேடியோ நிலையங்களில்தான் இது தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் 300-க்கும் மேற்பட்ட நிலையங்களும், பைலட்களுக்குத் தகவல் சொல்லும் 3,000-க்கும் மேற்பட்ட ஸ்பெஷலிஸ்ட்களும் இருந்தார்கள். கணினி வந்த பிறகு அது 61 நிலையங்களாகச் சுருங்கியது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி போகும் விமானத்தை யாரும் ரேடாரில் தொடர்ந்து கவனிப்பதில்லை. பைலட் சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி நேரமாகியும் ஃப்ளைட் பிளானை முடித்து வைக்கவில்லை என்றால் இந்த நிலையம்தான் தேடத் தொடங்கும். முதலில் விமான நிலையங்களுக்குப் போன் செய்து பார்ப்பார்கள். அப்புறம் மீட்புக் குழுவுக்குச் சொல்வார்கள். ஃப்ளைட் பிளான் கணினியில் தொலைந்துவிட்டால் அந்த விமானத்தைத் தேட வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது வெறும் கால் சென்டராகத் தெரியும். ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கும் கொஞ்சம் அப்படித்தான் தெரிந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

ஏன் டெண்டர்?

இதற்கு அரசியல் பின்னணி உண்டு. 2000 டிசம்பரில், பதவி முடியும் தறுவாயில், கிளின்டன் ஒரு நிர்வாக ஆணை போட்டார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்பது இயல்பிலேயே அரசு செய்ய வேண்டிய பணி என்று அதில் ஒரு வரி இருந்தது. 2002 ஜூனில் புஷ் அந்த வரியை மட்டும் நீக்கி ஆணையைத் திருத்தினார். ஒரே ஒரு சொற்றொடர் போயிற்று, கதவு திறந்தது. கோபுரத்திலும் ரேடாரிலும் வேலை பார்க்கும் கன்ட்ரோலர்கள் மீது கை வைத்தால் நாடாளுமன்றம் கொதிக்கும், 2003-இல் அது நடந்தும் காட்டியது. ஃப்ளைட் சர்வீஸ் ஊழியர்களுக்கு அந்த அளவு பலம் இல்லை.

ஏ-76 என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. அரசு ஊழியர் செய்யும் வேலையைத் தனியார் குறைந்த விலைக்குச் செய்ய முடியுமா என்று டெண்டர் வைத்துப் பார்க்கும் முறை அது. ஊழியர்களும் தங்கள் அமைப்பைச் சிக்கனமாக மாற்றியமைத்துப் போட்டியில் கலந்துகொள்ளலாம். 2003 மே மாதம் அதன் விதிகளை இறுக்கித் திருத்தினார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் ஃப்ளைட் சர்வீஸ் போட்டி அறிவிக்கப்பட்டது. அலாஸ்காவை மட்டும் விட்டுவிட்டார்கள். சாலையே போகாத ஊர்களுக்கு விமானம் போகும் மாநிலம் அது. அங்கே கை வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஆக, விற்பனைக்கு வந்தவை 61-இல் அலாஸ்காவின் 3 போக மீதி 58.

இதற்கு முன்பே, 2001-இல், போக்குவரத்துத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் ஓர் அறிக்கை கொடுத்திருந்தது. புதிய கணினிகளைப் போடும்போதே நிலையங்களை ஒன்றிணைத்தால் பெரிய தொகை மிச்சமாகும் என்று அது சொன்னது. தனியார் என்ற பேச்சே இல்லாமல் அரசுக்குள்ளேயே செய்யக்கூடிய வேலை இது. ஆனால் ஒவ்வொரு நிலையமும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதியில் இருந்தது. மூடப் போகிறோம் என்றால் அந்த உறுப்பினர் எழுந்து நிற்பார். டெண்டர் என்று வந்தால் மூடுவது ஒப்பந்தக்காரரின் யோசனையாகிவிடும். நிதிநிலைப் பட்டியலில் வெறும் சேமிப்பு எண்ணாக மட்டும் தெரியும்.

போட்டி

ஐந்து தரப்புகள் மோதின. லாக்ஹீட் மார்ட்டின், நார்த்ராப் க்ரம்மன், ரேதியான், கம்ப்யூட்டர் சயின்சஸ் கார்ப்பரேஷன். ஐந்தாவது, எஃப்.ஏ.ஏ. ஊழியர்களின் சொந்த அணி. ஹாரிஸ் நிறுவனம் அவர்களுக்குத் தொழில்நுட்பக் கூட்டாளி.

இங்கே ஒரு வினோதம். எஃப்.ஏ.ஏ.வே வாங்குபவர், எஃப்.ஏ.ஏ.வே விற்க முயல்பவர். புகார் வந்தால் விசாரிப்பதும் எஃப்.ஏ.ஏ.தான். 1996-இலிருந்து இந்த நிர்வாகத்துக்கு மத்திய அரசின் பொதுவான கொள்முதல் விதிகள் பொருந்தாது. அதற்கென்று தனிக் கொள்முதல் முறை உண்டு, தகராறுகளைத் தீர்க்கத் தனி அலுவலகமும் உண்டு. மற்ற துறைகளில் டெண்டரில் தோற்றவர் கணக்குத் தணிக்கை அலுவலகத்திடம் முறையிடலாம். இங்கே அந்த வழி இல்லை.

முடிவு வந்ததும் ஊழியர் தரப்பு டெண்டருக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியே எதிர்ப்பு மனு போட்டார். பாதிக்கப்பட்ட ஊழியர்களின் பெரும்பான்மைப் பிரதிநிதியாக இன்னொருவரும் போட்டார். தன் நிர்வாகத்தின் முடிவை எதிர்த்து, தன் நிர்வாகத்தின் அலுவலகத்திலேயே, பதவியில் இருக்கும் ஓர் அதிகாரி வழக்காடுகிறார். கொள்முதல் சட்டம் படிக்கிறவர்களுக்கு இது நல்ல பாடம். வழக்கு நடந்தது, ஒப்பந்தம் நிலைத்தது. 2005 அக்டோபர் 4 அன்று லாக்ஹீட் பொறுப்பேற்றது.

ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள்?

நியாயமாகச் சொன்னால், இது அலட்சியமாக எழுதிய ஒப்பந்தம் இல்லை. செயல்திறனை அளக்க 20-க்கும் மேற்பட்ட அளவுகோல்கள் இருந்தன. போன் அழைப்புக்கு 20 விநாடிக்குள் பதில். ரேடியோவில் அழைத்தால் 5 விநாடிக்குள் பதில். ஃப்ளைட் பிளானை 3 நிமிடத்துக்குள் பதிவு. அளவு தவறினால் அபராதம். அரசு நடத்தியபோது இப்படிப்பட்ட உறுதிமொழிகள் எதுவும் பைலட்களுக்கு இருந்ததில்லை. சிறு விமான உரிமையாளர்களின் பெரிய சங்கமான ஏ.ஓ.பி.ஏ. இந்த மாற்றத்தை முதலில் ஆதரித்ததற்கு இதுவும் ஒரு காரணம். பழைய கணினிகள் கிடந்த நிலையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

லாக்ஹீட் முன்வைத்த திட்டம் இது: 58 நிலையங்களை 20 ஆக்குவது. அதில் மூன்று பெரிய மையங்கள், வர்ஜீனியா மாநிலத்தில் வாஷிங்டனுக்கு அருகே ஒன்று, டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஒன்று, அரிசோனாவின் பிரெஸ்காட்டில் ஒன்று. மீதி 17 பழைய நிலையங்களைப் புதுப்பித்து வைத்துக்கொள்வது. நாடு முழுவதற்கும் எஃப்.எஸ்.21 என்ற ஒரே மென்பொருள். அதில் எந்த ஊர் ஸ்பெஷலிஸ்ட்டும் எந்த ஊர் ஃப்ளைட் பிளானையும் திறந்து பார்க்கலாம். பழைய அமைப்பில் ஒவ்வொரு நிலையமும் தன் வட்டாரத்தை மட்டுமே பார்த்தது. ஓரிடத்தில் கூட்டம் நெரியும்போது பக்கத்து நிலையம் சும்மா இருக்கும். எல்லா அழைப்புகளையும் ஒரே வரிசையில் போட்டால் குறைந்த ஆட்களை வைத்தே சமாளிக்கலாம் என்பது கணக்கு. தாளில் பார்த்தால் தவறில்லாத கணக்கு.

2007

முதல் ஒன்றரை ஆண்டு பழைய நிலையங்கள் பழைய கணினிகளோடு அப்படியே ஓடின, சம்பளம் கொடுப்பவர் மட்டும் மாறியிருந்தார். பெரிய புகார் எதுவும் எழவில்லை. 2007 தொடக்கத்தில் புதிய மையங்கள் திறந்தன, எஃப்.எஸ்.21 ஓடத் தொடங்கியது, பழைய நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடின. வசந்த காலம் வந்தது. சிறு விமானக்காரர்கள் குளிர்காலம் முழுக்க ஷெட்டில் வைத்திருந்த விமானங்களை வெளியே எடுக்கும் பருவம் அது.

பிறகு போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. அரை மணி நேரமும் அதற்கு மேலும் காத்திருந்ததாகப் பைலட்கள் புகார் சொன்னார்கள். பாதியில் இணைப்பு அறுந்தது. பதிவு செய்த ஃப்ளைட் பிளான் போய்ச்சேரவில்லை. எடுத்துப் பேசிய ஸ்பெஷலிஸ்ட்டுக்குக் கேட்டவரின் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பழைய நிலையத்தில் இருபது வருடம் உட்கார்ந்தவருக்கு, காலை பத்து மணிக்கு எந்தக் கணவாயில் மூடுபனி விலகும் என்பது எந்த வரைபடமும் பார்க்காமலே தெரியும். அவர்களில் பலர் வேறு மாநிலத்தில் இருக்கும் மையத்துக்கு இடம் பெயர விரும்பாமல் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். புதிதாக எடுத்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க நாள் பிடித்தது.

தலைநகர் வாஷிங்டனைச் சுற்றிப் பறப்பவர்கள் பாடு இன்னும் மோசம். 2003-இலிருந்து அங்கே பாதுகாப்புக் காரணமாக ஒரு பெரிய கட்டுப்பாட்டு வான்பகுதி அமலில் இருந்தது. அதற்குள் அருகிலுள்ள சின்ன விமான நிலையத்துக்குப் போய் வருவதற்குக்கூட முன்கூட்டியே திட்டம் பதிந்தாக வேண்டும். மற்ற ஊரில் போன் கிடைக்காவிட்டால் பைலட் இணையத்தில் வானிலை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம். இங்கே போன் கிடைக்காவிட்டால் விமானம் தரையில்தான். திட்டம் வழியில் தொலைந்திருந்தால், பறந்துகொண்டிருப்பவர் பாதுகாப்பு விதியை மீறியவராகத் தெரிவார்.

செல்போன் இன்னொரு சிக்கல். வானிலைக்கு நாடு முழுவதும் ஒரே கட்டணமில்லா எண்தான், ஆனால் அழைப்பு எங்கே போகும் என்பதை அழைக்கும் போனின் வட்டாரக் குறியீடு தீர்மானித்தது. ஓஹையோவில் வாங்கிய போனோடு புளோரிடாவில் நிற்பவரின் அழைப்பு ஓஹையோ வானிலை தெரிந்தவரிடம் போகும். புதிய அமைப்பு மாநிலத்தின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டது. விமான இன்ஜின் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு குரல் உணரும் இயந்திரத்திடம் மாநிலப் பெயரைக் கத்துவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எஃப்.ஏ.ஏ. ஒப்பந்தப்படி அபராதம் விதித்தது. லாக்ஹீட் கூடுதல் ஆட்களைப் போட்டது, மென்பொருளைத் திருத்தியது, புகாருக்குத் தனி வழி திறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் காத்திருக்கும் நேரம் கணிசமாகக் குறைந்தது. ஆதரித்த சங்கமே அந்தக் கோடையில் கடுமையாகச் சாடியது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

எங்கே பிசகியது?

முதலாளி, இடம், மென்பொருள் மூன்றும் மாறின. முதலாவது தனியாக நடந்தபோது ஒன்றும் ஆகவில்லை. பிரச்சினை மற்ற இரண்டும் ஒரே பருவத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தபோதுதான். தனியார் என்பதால் கெட்டது என்று சொல்பவர்களிடம் நான் காட்டுவது அந்த முதல் ஒன்றரை ஆண்டைத்தான். இதே ஒன்றிணைப்பை எஃப்.ஏ.ஏ.வே இதே வேகத்தில் செய்திருந்தாலும் போன்கள் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அப்படியானால் ஏன் அந்த வேகம்? சேமிப்பு அங்கேதான் இருந்தது. ஒரு நிலையம் திறந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒப்பந்தக்காரருக்கு வாடகை, ஆள், பராமரிப்பு என்று செலவு. மூடியதும் அது நிற்கிறது. மெதுவாக மூடுவதற்கு அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. புதிய மையம் குறிப்பிட்ட காலம் அளவுகோல்களை எட்டிக் காட்டிய பிறகே அடுத்த பழைய நிலையத்தை மூடலாம், பறக்கும் பருவத்தில் மூடவே கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் கறாராக இருந்திருந்தால் 2007 வேறு மாதிரி போயிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு அரசு தன் சேமிப்புக் கணக்கில் ஓராண்டை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். 220 கோடி என்று அறிவித்தவர்களுக்கு அது சுலபமாக இருந்திருக்காது.

அபராதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அபராதம் அரசுக்குப் போகிறது. நாற்பது நிமிடம் போனில் நின்ற பைலட்டுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதோடு, அபராதம் விழ வேண்டுமானால் சேவை முதலில் கெட்டாக வேண்டும். நிலையான காலத்தில் ஒப்பந்தக்காரரைச் சோம்பலாக விடாமல் வைத்திருக்க இந்த ஆயுதம் போதும். மாற்றம் நடக்கும் காலத்துக்கு அது உதவாது.

அளவுகோல்களில் இல்லாதது வட்டார அறிவு. விநாடியை எண்ணலாம், கணவாயில் பனி எப்போது விலகும் என்று தெரிந்த ஆளை எப்படி எண்ணுவது? பழைய ஊழியர்களில் இத்தனை சதவீதம் பேராவது இத்தனை ஆண்டு தங்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் டெண்டர் விலை ஏறியிருக்கும்.

ஊழியர்கள்

லாக்ஹீட் வேலை தருவதாகச் சொன்னது, பலர் சேர்ந்தார்கள். ஆனால் 2005 அக்டோபர் 3 அன்று அவர்களின் அரசுப் பணி முடிந்தது. ஓய்வூதியத் தகுதிக்குச் சில ஆண்டுகளே பாக்கி இருந்தவர்களுக்கு அது பேரிடி. இந்த ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் 40 வயதைத் தாண்டியவர்கள். அமெரிக்கச் சட்டப்படி வயதுப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும் வயது அது. வயதான ஊழியர்கள் என்பதாலேயே தங்கள் பிரிவை டெண்டருக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நூற்றுக்கணக்கானோர் 2005 மார்ச்சிலேயே வழக்குப் போட்டார்கள். அது பதினாறு ஆண்டுகள் நடந்து, 2021-இல் 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அரசு சமரசம் செய்துகொண்டது. ஒப்பந்தத்தின் சேமிப்புக் கணக்கைப் போடுகிறவர்கள் இந்தத் தொகையைச் சேர்ப்பதில்லை. 220 கோடிக்கு முன்னால் அது சிறியதுதான், ஆனால் சேர்க்க வேண்டியது.

அப்புறம்

நிலையங்கள் 20-லும் நிற்கவில்லை, மேலும் குறைந்துகொண்டே போயின. அதற்குக் காரணம் ஒப்பந்தம் மட்டுமல்ல. பைலட்கள் போன் செய்வதையே நிறுத்தத் தொடங்கினார்கள். 2010-க்குப் பிறகு ஐபேடில் வானிலை, வரைபடம், ஃப்ளைட் பிளான் எல்லாம் வந்துவிட்டன. ஒரு காலத்தில் நாளொன்றுக்கு 10,000-க்கும் மேல் இருந்த ரேடியோ அழைப்புகள் 2018 வாக்கில் 900-க்கும் கீழே போயின. எஃப்.ஏ.ஏ. ரேடியோ அலைவரிசைகளையே நூற்றுக்கணக்கில் அணைத்தது. 2007-இல் பெரும் இழப்பாகத் தெரிந்த பல விஷயங்களைப் பத்து ஆண்டில் யாரும் தேடவில்லை. இந்தச் சரிவை 2003-இல் டெண்டர் எழுதியவர்கள் இந்த வேகத்தில் எதிர்பார்த்திருக்க முடியாது. ஆனால் ஆள் எண்ணிக்கையைக் குறைப்பதில் தனியார் நிறுவனத்துக்கு இருந்த சுதந்திரம் இந்தக் காலத்தில் உதவியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசு அமைப்பாக இருந்திருந்தால் ஒவ்வொரு மூடலும் ஒரு சண்டை.

லாக்ஹீட் 2016 ஆகஸ்டில் தன் தகவல் தொழில்நுட்பப் பிரிவை லைடோஸ் நிறுவனத்தோடு இணைத்தபோது ஃப்ளைட் சர்வீஸும் கூடவே போனது. ஏ-76 முறைக்கு என்ன ஆனது? 2009 நிதியாண்டிலிருந்து அரசு முழுவதும் புதிய போட்டிகள் தொடங்க நாடாளுமன்றம் தடை போட்டது.

அலாஸ்காவில் 17 நிலையங்கள் எஃப்.ஏ.ஏ. ஊழியர்களோடு ஓடுகின்றன. அவற்றில் 3 பெரிய மையங்கள், மீதி சிறு நிலையங்கள். சில இடங்களில் கோபுரம் இல்லாத ஓடுதளத்தில் யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள், காற்று எப்படி என்று அந்த ஊரிலேயே உட்கார்ந்து சொல்கிறார்கள். 2003-இல் டெண்டரிலிருந்து அவற்றை விலக்கியபோது நிலப்பரப்பையும் வானிலையையும் காரணம் காட்டினார்கள். கொலராடோவின் மலைக் கணவாய்களுக்கும் மேற்கு வர்ஜீனியாவின் பள்ளத்தாக்குகளுக்கும் அந்தக் காரணம் ஏன் பொருந்தவில்லை என்று டெண்டர் ஆவணத்தைத் தயாரித்தவர்களிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும்.